கட்டில் பலகைக் கிட்டார்

தவமணியண்ணன் இறந்துபோன செய்தி எனக்கு எக்கோவில் வந்தது. பொய் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், அன்றைக்கு ஒத்திகைக்கு வந்திருந்த எங்கள் மெல்லிசைக் குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். புதிதாக வாங்கிய எக்கோ மெஷினைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தைப் பகல் பொழுதுக்குக் கேட்டு வாங்கியிருந்தோம். குழுவின் உரிமையாளர் தனசேகர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். மைக்செட் காதர் பாய் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது தனசேகரின் மைத்துனர் வாசலிலிருந்து ஓடி வந்து மேடைக்குக் கீழே நின்று ஏதோ சொன்னார். தனசேகர் மைக்கைக் கீழே வைக்கவில்லை. "நம்ம தவமணியண்ணன் போயிட்டாராம்" என்றார். "டாராம்... டாராம்... ராம்..." என்று மண்டபம் முழுக்க அது சுற்றிச் சுற்றி வந்தது.

தனசேகர் தலையைச் சாய்த்து, அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டார். பிறகு, "பாய், வால் ரொம்ப நீளுது. கொஞ்சம் கொறைங்க" என்றார்.

காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்த மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வாழ்நாளில் காறித் துப்பிய ஒரே பொருள் இந்த எக்கோ மெஷின்தான். அவர் சாவைச் சொல்ல இவர்களுக்கு அதுதான் கிடைத்தது.

நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி தனசேகர் ஆள் அனுப்பியிருக்கிறார். எழுதுகிறேன். நல்ல வார்த்தையெல்லாம் அண்ணனுக்கு. மீதி வார்த்தை யார் யாருக்கு என்று படிக்கிறவர்களுக்கே விளங்கும். மலரில் போடுவார்களா என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்கு டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயம் பார்க்கிற சம்சாரிக் குடும்பம். வண்டியூரில் குடியிருந்து, கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராக வேலை பார்த்தார். சாயங்காலமும் முகூர்த்த நாட்களிலும் எங்கள் குழுவில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். குட்டையான உருவம். வெள்ளை அரைக்கைச் சட்டை. மூக்குப்பொடி போடுவார். அந்தக் கைக்குட்டையைப் பற்றி எழுதினால் இந்தத் தாளே நாறும். அதே கைக்குட்டையால் கிட்டார் தந்தியையும் துடைப்பார். "அண்ணே, உங்களுக்கே அசிங்கமா இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "தந்திக்கு மூக்கா இருக்கு, தங்கச்சி?" என்றார்.

நான் குழுவில் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். பகலில் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், சாயங்காலம் மேடைப் பாடகி. அந்தக் காலத்தில் அண்ணனிடம் சொந்தக் கிட்டார் இல்லை. தனசேகர் யாரிடமோ வாங்கி வைத்திருந்த வெளிநாட்டுக் கிட்டாரைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். அதன் வயிற்றில் சத்தத்தை மாற்றுகிற திருகுகள் வரிசையாக, நடுவில் ஒரு சுவிட்ச், மேலே இன்னொரு சுவிட்ச். பார்க்க ஜோராகத்தான் இருக்கும். ஒரு மாசித் திருவிழாவில் நான் பாடிக்கொண்டிருக்கும்போது, அண்ணனின் சட்டைக்கை பட்டு ஏதோ ஒன்று திரும்பிவிட்டது. கிட்டார் தகர டப்பாவைத் தட்டியது போலக் கத்த ஆரம்பித்தது. எதைத் திருப்பினால் சரியாகும் என்று அவர் தேடி முடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. கூட்டத்தில் விசில் பறந்தது. ஒருவன் செருப்பைத் தூக்கிக் காட்டினான். எனக்கு அழுகை வந்தது. அண்ணன் மேடையை விட்டு இறங்கியதும் சொன்னார்: "கூட்டணும், கொறைக்கணும். கூராக்கணும், மழுக்கணும். இதுக்கு ரெண்டு திருகு போதும் தங்கச்சி. மத்ததெல்லாம் வெரல்ல இருக்கு. வெரல்ல இல்லாதவனுக்குத்தான் வயித்துல வேணும்."

அந்த வருடமே தனக்கென்று ஒரு கிட்டார் செய்துகொண்டார். கழுத்துப் பகுதி, உடம்பு உடைந்துபோன ஒரு பழைய கிட்டாரிலிருந்து வந்தது. தந்திக்குக் கீழே இருக்கும் காந்தத்துக்குப் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் கம்பி சுற்றினார்கள். உடம்புக்கு நல்ல தேக்குப் பலகை வேண்டும். எங்கே போவது? அண்ணன் வீட்டில் ஒரே ஒரு தேக்குதான் இருந்தது. அது அவருடைய மனைவி பாக்கியத்தக்கா சீராகக் கொண்டுவந்த கட்டில்.

அக்காவே எனக்கு இதைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். வாயைத் திறந்து கேட்கவில்லை. அக்காதான், "தலமாட்டுப் பலகைய எடுத்துக்கங்க. தல வைக்கத் தலவாணி இருக்குல்ல" என்றாராம். அண்ணன் பலகையை அறுத்து, இரண்டை ஒன்றாக ஒட்டி, வடிவம் வெட்டி, மேலே சத்தத்துக்கு ஒரு திருகு, டோனுக்கு ஒரு திருகு என்று வைத்தார். வார்னிஷ்கூட அதிகம் கிடையாது. உற்றுப் பார்த்தால் கட்டிலில் செதுக்கியிருந்த பூவில் பாதி இதழ் ஓரமாகத் தெரியும்.

அக்காவின் அப்பா ஊரிலிருந்து வந்தார். கட்டிலைப் பார்த்தார். தலைமாடு மொட்டையாக இருந்தது. "நான் எம் மகளுக்குக் குடுத்த கட்டில அறுத்து ஊர் ஊராக் கூத்தாடுறானா?" என்று தெருவே கேட்கக் கத்தினாராம். மருமகனிடம் அல்ல, மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். தான் உயிரோடு இருக்கும்வரை அவள் கச்சேரிப் பந்தலில் கால் வைக்கக் கூடாது என்று. அக்கா வாக்குக் கொடுத்துவிட்டார், காப்பாற்றியும் விட்டார். வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி கிடையாது; அண்ணன் இணைக்காமல்தான் பழகுவார். இணைக்காத எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் கொசு கத்துகிற சத்தம்தான் உண்டு. ஆக, தன் கட்டில் பலகை எப்படிப் பேசும் என்று அதற்குச் சொந்தக்காரிக்கே தெரியாது. மதுரை ஜில்லாவில் கண்டவனெல்லாம் கேட்டான். அக்கா கேட்கவில்லை.

அந்தக் கிட்டார் எப்படிப் பேசும் என்று நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் மினுமினுப்பு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆள் நிதானமாகப் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. அண்ணன் வலது கையைத் தந்தி முடிகிற பாலத்துப் பக்கம் நகர்த்தினால் கூராகும், கழுத்துப் பக்கம் நகர்த்தினால் இளகும். நான் பாடும்போது அவர் அடங்கியே இருப்பார். நான் மூச்சு எடுக்கிற இடத்தில்தான் வாயைத் திறப்பார். "நீ பேசும்போது நான் ஏன் பேசணும்?" என்பார். மற்ற குழுக்களில் பாடும் பெண்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலத்தில் நான் என் குரலிலேயே பாடினேன். அதற்குக் காரணம் அவர். இதை அவர் இருக்கும்போதே நான் பலமுறை அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் எனக்குக் குறை இல்லை.

எண்பதுகள் வந்தன. ஊரில் எல்லோருக்கும் கண் பெரிதாகிக் காது சிறுத்துவிட்டது. போட்டிக் குழு ஒன்றில் பளபளவென்று ஒரு கிட்டார் வந்தது. கல்யாண வீட்டார் முன்பணம் கொடுக்கும் முன்னால் வாத்தியங்களைப் பார்க்க வருவார்கள். மாட்டுக்குப் பல் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பெண்ணுக்குத் தாய்மாமன் ஒருவர் அண்ணனின் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இதுல ரெண்டே திருகுதான் இருக்கு? அந்தக் குழுவுல எம்புட்டு வச்சிருக்கான்! எங்களுக்கு மட்டும் கொறச்சலா?" என்று கேட்டார். தனசேகர் பதறிப்போனார்.

என்ன செய்தார் தெரியுமா? பழைய ரேடியோக்களிலிருந்து திருகுகளைப் பிடுங்கி, அண்ணன் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அந்தப் பலகை மேல் பசை வைத்து வரிசையாக ஒட்டிவிட்டார். சீ! அண்ணன் வந்து பார்த்தபோது முன்னால் கூட்டம் உட்கார்ந்துவிட்டது. பசையும் காய்ந்துவிட்டது. அவர் அதை எடுத்து அப்படியே வாசித்தார். இடையில் அந்தத் தாய்மாமன் மேடையேறி வந்து, ஒட்டுத் திருகு ஒன்றைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகுவது போலப் பாவனை செய்து, காதைச் சாய்த்து, "ஆங், இப்பத்தான்ப்பா பேஸ் எறங்குது!" என்றார். கூட்டம் கை தட்டியது. அண்ணன் அவர் முகத்தைப் பார்த்து, "ஆமாங்க மாமா, நல்லாவே எறங்குது" என்றார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். ஆனால் இவர்கள் முன்னாலா இத்தனை வருடம் பாடிக்கொண்டிருக்கிறோம் என்று இருந்தது.

பந்தி முடிந்த பிறகு அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றையும் நெம்பி எடுத்தார். பசைத் தழும்பு போகவில்லை. தனசேகரை அழைத்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. குரலை உயர்த்தவில்லை. "தனசேகரு, எம் மேல நீ என்ன வேணாலும் ஒட்டு. அது மேல ஒட்டாத. அது எம் பொண்டாட்டி கட்டிலு."

அதற்குப் பிறகு வந்தது எக்கோ. முதலில் வாடகைக்கு, கடைசியில் சொந்தமாகவே. பாட்டு, பேச்சு, "மொய் எழுதுபவர்கள் இந்தப் பக்கம் வரவும்" என்கிற அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் எக்கோ. கிணற்றுக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பாடச் சொன்னது போல எனக்கு இருக்கும். அண்ணன் தன் கிட்டாரை மட்டும் அதில் சேர்க்க விடவில்லை. காதர் பாயைத் தனியாகக் கூட்டிப் போய், "பாய், என்னய மட்டும் விட்ருங்க" என்று கும்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

போன வருடம் அக்காவின் அப்பா காலமானார். சத்தியம் முடிந்தது. துக்கமெல்லாம் கழிந்த பிறகு அக்கா ஒருநாள், "இனிமே நான் கச்சேரிக்கு வரலாம்ல?" என்று கேட்டாராம். அண்ணன், "இந்த எக்கோ சனியன் ஒழியட்டும், கூட்டிட்டுப் போறேன். மொதத் தடவ கேக்குறப்ப நல்லாக் கேக்கணும்ல" என்றாராம். அந்தச் சனியன் ஒழியவில்லை. அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் தனசேகர் அக்காவைப் பார்க்க வந்தார். படத்திறப்பு விழா நடத்தப் போவதாகவும், மேடையில் அண்ணனின் கிட்டாரை வைக்க வேண்டும் என்றும் கேட்டார். நானும் அங்கே இருந்தேன். அக்கா உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து வந்தார். பிறகு, "குடுக்குறேன் தம்பி. ஆனா சும்மா வைக்கக் கூடாது. யாராச்சும் அதுல ஒரு பாட்டு வாசிக்கணும். நான் கேக்கணும். அதுக்குத்தான் வாரேன்" என்றார். தனசேகர் நெஞ்சில் கை வைத்து, "அக்கா, இது எம் பொறுப்பு" என்றார். எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் சரி, ஒரு பாட்டுத்தானே, இதையாவது ஒழுங்காகச் செய்வார்கள் என்று நினைத்தேன்.

விழா அன்று மேடையைப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லக் கை கூசுகிறது. நாற்காலியில் கிட்டார். தலையில் ரோஜா மாலை. கழுத்து முழுக்க சீரியல் பல்பு சுற்றி, விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. பலகையெங்கும் ஆயுத பூஜைக்கு வைப்பது போல சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும், துடைத்தால் போய்விடும். அண்ணனின் இரண்டு திருகுகளுக்குப் பக்கத்தில் பளபளவென்று புதிதாகத் திருகுகள் வரிசையாக நின்றன. இந்தத் தடவை பசை இல்லை. மெஷின் வைத்துத் துளை போட்டு இறக்கியிருந்தார்கள். செதுக்கிய பூவின் மிச்ச இதழிலும் ஒரு துளை.

"இது என்ன?" என்று கேட்டேன். "போட்டோவுல பாக்க மொட்டையா இருந்துச்சு ரமணி. அண்ணனுக்கு ஒரு கௌரவமா இருக்கட்டுமேன்னுதான்" என்றார் தனசேகர். அவர் கண் கலங்கித்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. அந்த மனிதர் நடிக்கவில்லை. உண்மையாகவே இதைக் கௌரவம் என்று நினைத்தார்.

முன்வரிசையில் அக்கா வந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மேடைக்கு எதிரில். கட்சியில் வட்டம், ஒன்றியம் என்று வந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். ஒருவர் அண்ணன் பெயரை "தங்கமணி" என்றே கடைசிவரை சொன்னார். பிறகு, குழுவுக்குப் புதிதாக வந்த கிட்டார்க்காரர் எழுந்து, மாலையை ஒதுக்கி, கிட்டாரைக் கையில் எடுத்து ஒயரைச் செருகினார். அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். புடவைத் தலைப்பைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார்.

கிட்டார்க்காரர் தந்தியை மீட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் மீட்டினார். சத்தத் திருகைத் திருப்பினார். புதுத் திருகுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினார். பெட்டியிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. துளை போட்ட மெஷின் உள்ளே இருந்த ஒயரை அறுத்துவிட்டது என்று எனக்கு அந்த நிமிடமே உறைத்தது. காதர் பாய் எழுந்திருப்பதைப் பார்த்தேன்.

அதற்குள் தனசேகர் மைக்கைப் பிடித்துவிட்டார். "பார்த்தீர்களா! அண்ணன் இல்லாத துக்கத்தில் அவருடைய கிட்டாரும் ஊமையாகிவிட்டது! அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்!" எல்லாம் எக்கோவில். சபையே எழுந்தது. பெண்கள் விசும்பினார்கள். எழுந்த காதர் பாய் எழுந்த இடத்திலேயே கை கட்டி நின்றுவிட்டார். அக்காவும் எழுந்து நின்றார். தலை குனியவில்லை. கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் உட்கார்ந்தபோது, "அவ்வளவுதானா தாயி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

கிட்டாரை மறுபடியும் நாற்காலியில் சாய்த்துவிட்டு, அடுத்து என்னைப் பாட அழைத்தார்கள். நான் மேடையேறினேன். மைக் பக்கமே போகவில்லை. நேராக நாற்காலிக்குப் போய், பல்புச் சரத்தைப் பிய்த்து எறிந்து, மாலையைக் கழற்றிப் போட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "ரமணி, ரமணி, போட்டோ எடுக்கணும்" என்று தனசேகர் பின்னாலேயே ஓடி வந்தார். "போட்டோவுக்கு உங்க மூஞ்சி போதும்" என்றேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் காதர் பாய் கடைக்குப் போனோம். அவர் பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒயர் இரண்டாக அறுந்து கிடந்தது. தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு நிமிச வேலைம்மா இது. அங்கேயே பத்த வச்சிருப்பேன். மௌன அஞ்சலின்னுட்டாக. சபையே நிக்குது. நான் எப்படி நடந்து போறது, சொல்லுங்க?" என்று புலம்பினார். ஈயம் வைத்துப் பத்த வைத்தார். ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்து, எக்கோ எதுவும் இல்லை என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பிறகு கிட்டாரை அக்கா மடியில் வைத்தார்.

அக்காவுக்கு எங்கே பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை. கட்டைவிரலால் ஒரு தந்தியைச் சுண்டி விட்டார். அந்தச் சத்தம் கடைக்குள் வந்தது. நான் சொன்னேனே, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல என்று, அதே சத்தம். அக்கா திடுக்கிட்டார். அது மெல்ல மெல்ல அடங்கி ஓயும்வரை அசையாமல் இருந்தார். இன்னொரு தடவை மீட்டினார். அப்புறம் இன்னொரு தடவை. அழுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம். "பாவி மனுசா, இதையா எனக்குக் காட்டாம வச்சிருந்தீக? எக்கோ இருந்தா என்ன, எது இருந்தா என்ன, கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று கிட்டாரைப் பார்த்துச் சத்தம் போட்டார். கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா யாரையும் சட்டை செய்யவில்லை.

கோபம் தணிந்ததும் பாயிடம் கேட்டார்: "இதுல அவரு வச்சது எது?"

"இது சத்தம்மா. இது டோனு. இந்த ரெண்டும்தான்."

"மத்ததெல்லாம்?"

"ஒண்ணுமில்லம்மா. கீழ ஒயரே கெடையாது. சும்மா நிக்குது." பாய் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார். பலகையில் வரிசையாக ஓட்டைகள் தெரிந்தன. விரலை விட்டுப் பார்க்கலாம், அவ்வளவு பெரிது. "மரத்தூளும் பசையும் வச்சு அடச்சு, பாலிஷ் போட்டுத் தாரேன். தெரியவே தெரியாது" என்றார்.

அக்கா முந்தானையால் சந்தனத்தை வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அடைக்க வேணாம் பாய். அப்படியே கெடக்கட்டும். எங்க அப்பன் குடுத்த பலக இது. அதுல எம் புருசன் செஞ்சது எது, அவரு கூட்டாளிக செஞ்சது எதுன்னு பாக்குறவுகளுக்குத் தெரியணும்."

தவமணியண்ணே, உங்களுக்குக் கும்பிடு. உங்கள் வீட்டுக்காரி கேட்டுவிட்டார்கள். நல்லாவே கேட்டது. போய் வாருங்கள்.